வறட்சியில் வீட்டுக் கடன் நின்றுபோய் வங்கி நோட்டீஸ் வந்துவிட்டது. எம்.எல்.ஏ.விடம் போனால் ஏதாவது நடக்குமா?

செல்வி (முதுகுளத்தூர் பக்கம்), 2017 ஜூன் 6

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் முழுக்க மானாவாரி. அப்பா நெல்லும் குண்டு மிளகாயும் போடுவார். போன ஐப்பசியில் விதைத்த நெல் முழங்கால் உயரம்கூட வரவில்லை, அப்படியே கருகிவிட்டது. கண்மாயில் கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை. கடைசியில் ஆடுகளை அவிழ்த்து வயலில் விட்டோம். மிளகாய்க்கு நாற்றே பாவவில்லை.

2013-ல் ஒரு வங்கியில் 7 லட்சம் வீட்டுக் கடன் வாங்கி ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினோம். அப்பா பேரிலும் அண்ணன் பேரிலும் கடன். அண்ணன் சவுதியில் கட்டட வேலையில் இருந்ததால் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் அவன் கம்பெனியில் மாதக்கணக்காகச் சம்பளம் போடாமல் இழுத்தடித்து, வெறுங்கையோடு ஊருக்கு வந்துவிட்டான். விளைச்சலும் போய், அவன் சம்பளமும் போனதும் தவணை நின்றுவிட்டது.

மே 22-ம் தேதி பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. 60 நாட்களுக்குள் முழுக் கடனையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொத்தைக் கையகப்படுத்துவோம் என்று இருக்கிறது. சொத்து விவரத்தில் வீட்டோடு சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 2 ஏக்கர் புஞ்சையையும் போட்டிருக்கிறார்கள். அரசு கொடுத்த வறட்சி நிவாரணம் வந்தது. அது கடைக் கடனுக்கே சரியாகப் போனது.

ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எம்.எல்.ஏ. ஒரு போன் போட்டால் மேனேஜர் அடங்கிவிடுவார் என்கிறார் ஒருவர். கடன் தள்ளுபடி வரப்போகிறது, ஒரு பைசா கட்டாதே என்கிறார் இன்னொருவர். அப்பா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். ஜீப்பில் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினால் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாமா? பார்த்தால் என்ன கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேஷியர், ஜூன் 6

அம்மா, முப்பது வருடம் வங்கிக் கவுண்டரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தள்ளுபடியை நம்பி உட்கார வேண்டாம். போன வருடம் மே மாதம் ஜெயலலிதா அம்மையார் கையெழுத்திட்ட தள்ளுபடி, கூட்டுறவு வங்கிகளில் சிறு, குறு விவசாயிகள் வாங்கிய விவசாயக் கடனுக்கு மட்டும்தான். இந்த ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 'எல்லா விவசாயிகளுக்கும்' என்று சொன்னதும் அதே கூட்டுறவுக் கடனைத்தான். உங்களுடையது வேறு வங்கி, அதுவும் வீட்டுக் கடன்.

போன் விஷயமும் அப்படித்தான். 90 நாள் தவணை வராவிட்டால் கம்ப்யூட்டரே அந்தக் கணக்கை வாராக்கடனில் தள்ளிவிடும். கிளை மேலாளர் நினைத்தாலும் அதை எடுக்க முடியாது. ஆனால் ஒன்று: நோட்டீஸில் முழுத் தொகை என்று இருந்தாலும், நின்றுபோன தவணைகளையும் அதன் வட்டியையும் கட்டி முடித்தால் கணக்கை மறுபடி நல்ல கணக்காக மாற்ற வழி இருக்கிறது. முழுத் தொகையையும் பார்த்து மலைக்காமல், நிலுவை மட்டும் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மனு எழுதுபவர், ஜூன் 7

தங்கச்சி, நான் பக்கத்து மாவட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் 2011-லிருந்து போன வருடத் தேர்தல் வரைக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பேரும் கட்சியும் இங்கே வேண்டாம். 2012-ல் மழை பொய்த்து, சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களை எல்லாம் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்களே, அந்த நேரத்தில் எங்கள் அலுவலகத் திண்ணையில் இதே மாதிரி நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தவர்கள் நிறைய பேர். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

எம்.எல்.ஏ.விடம் கட்டாயம் போ. ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போ. கடனைத் தள்ளவோ வட்டியைக் குறைக்கவோ ஏலத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு போடவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. உனக்கு வந்திருப்பது 2002-ம் வருடத்துச் சர்ஃபாசி சட்டப்படி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி கொடுக்கும் சட்டம்) வந்த நோட்டீஸ். அது மத்திய அரசின் சட்டம், வங்கிகள் ரிசர்வ் வங்கியின் கீழே இருக்கின்றன. தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதில் தனியாள் கடனுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

சரி, பின்னே எதற்கு அவர்? அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிகளின் மாவட்ட அளவிலான ஆய்வுக் கூட்டம் நடக்கும். மாவட்டத்தின் முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) மேலாளர்தான் கூட்டுவார். எல்லா வங்கிகளும் வர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு எம்.பி.யையும் எம்.எல்.ஏ.க்களையும் அழைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அழைப்பு வரும், பெரும்பாலானவர்கள் போக மாட்டார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போக நேரம் இருக்கும், இதற்கு இருக்காது. எங்கள் எம்.எல்.ஏ. போனார்.

போன விதத்தைச் சொல்கிறேன். முந்தின நாள் ராத்திரி என்னை உட்கார வைத்து, வந்த மனுக்களில் வீடு போகிற நிலையில் இருந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கடன் கணக்கு எண், கிளை, நோட்டீஸ் தேதி, நிலுவை, பயிர்ச் சேதம் எவ்வளவு, எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரே தாளில் கோடு போட்டு எழுதினோம். கடைசிக் கட்டத்தை நிரப்பாத மனுவை அவர் எடுத்துப் போகவில்லை. அந்த வீட்டுக்காரரைக் காலையில் ஆறு மணிக்கே போனில் கூப்பிட்டு, "ஐயா, மாசி பங்குனியில் மிளகாய் வத்தல் வித்தா எம்புட்டுக் கட்டுவீக? உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டு எழுத வைத்தார். கூட்டத்தில் அவர் சத்தம் போடவில்லை. தாளைப் பார்த்து வாசித்தார், ஒவ்வொரு கணக்குக்கும் அந்தந்த வங்கி அதிகாரி எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கலெக்டர் பக்கத்தில் இருக்கிறார், எல்லாம் கூட்டக் குறிப்பில் ஏறுகிறது. அடுத்த கூட்டத்தில் 'போன தடவை சொன்னது என்ன ஆச்சு' என்று கேட்பார்கள். ஒரு போனுக்கு அசையாத வங்கி, குறிப்பில் ஏறினால் அசையும். எல்லாக் கணக்கும் சரியாகவில்லை. ஆனால் பல பேருக்கு நிலுவையைப் பிரித்து அறுவடைக்கு அப்புறம் கட்டும்படி தவணை மாற்றிக் கொடுத்தார்கள், வீடு தப்பியது.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கிளப்பினார். கணக்கில் வந்த வறட்சி நிவாரணத்தைச் சில கிளைகளில் பழைய கடனுக்குப் பிடித்துக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு என்று அரசு கொடுத்த பணம் அது. கலெக்டர் அங்கேயே நிறுத்தச் சொன்னார். இதைத் தனி ஒருவராக நீ கேட்டிருந்தால் நடந்திருக்காது. எம்.எல்.ஏ. வேண்டும் என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயத்துக்கு.

வறட்சி அறிவிப்பு உனக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ஜனவரி 10-ம் தேதி ஓ.பி.எஸ். முதல்வராக இருந்தபோது எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பயிர்க் கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தை நீட்டிக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. ஆனால் அது நேரடியாகப் பயிர்க் கடனுக்குத்தான். வீட்டுக் கடனுக்கு அப்படியே பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 'எங்கள் வருமானமே பயிர்தான், பயிர் போனதற்கு இதோ சான்று, அரசே வறட்சி என்று சொல்லியிருக்கிறது' என்று வங்கியிடம் கேட்க அது பலமான ஆதாரம். அதற்குமேல் வங்கி மனது வைக்க வேண்டும். அந்த மனதை வைக்க வைப்பதுதான் எம்.எல்.ஏ. வேலை.

போகும்போது என்ன கொண்டு போக வேண்டும் என்றால்: நோட்டீஸும் அது வந்த தபால் கவரும். கவரைத் தொலைத்துவிடாதே, எந்தத் தேதியில் கையில் கிடைத்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) நகலும், பயிர் கருகியதற்கு ஒரு சான்றும் வாங்கு. அண்ணன் பாஸ்போர்ட்டில் ஊர் திரும்பிய முத்திரை உள்ள பக்கம், முன்பு ஒழுங்காகத் தவணை கட்டியதைக் காட்டும் பாஸ்புக், இவற்றின் நகலும் வேண்டும். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அந்த ரசீதையும் வை. காப்பீட்டுப் பணம் வந்ததும் இவ்வளவு கட்டுகிறோம் என்று எழுத அது உதவும்.

கடிதம் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. எல்லா எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் தயாராக ஒரு கடிதம் இருக்கும். 'மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று இரண்டு வரி. அது போய்க் கோப்பில் படுத்துக்கொள்ளும். உன் கணக்கு எண்ணையும், 'நிலுவையை இத்தனை தவணையில் இந்த மாதத்திலிருந்து கட்ட அனுமதிக்க வேண்டும்' என்ற வேண்டுகோளையும் போட்டு நீயே ஒரு வரைவு எழுதிக் கொண்டு போ. கிளை மேலாளர், அந்த வங்கியின் மண்டல அலுவலகம், முன்னோடி வங்கி மேலாளர், கலெக்டர் என்று நான்கு பேருக்கும் நகல் போகச் சொல். இன்னொரு விஷயம், ஜூன் 14-லிருந்து சட்டசபைக் கூட்டம். அப்புறம் அவர் சென்னையில்தான் இருப்பார். அதற்குள் பார்த்துவிடு, இல்லாவிட்டால் சனி, ஞாயிறு பார்.

கடைசியாக, மிக முக்கியமானது. எம்.எல்.ஏ. பேசிவிட்டார் என்பதற்காகச் சட்டத்தின் கெடு நிற்காது. எங்கள் தொகுதியில் ஒரு குடும்பம், 'தலைவர் பேசிட்டாரு, இனி பேங்க்காரன் வரமாட்டான்' என்று உள்ளூர்க் கட்சிக்காரர் சொன்னதை நம்பி, வங்கிக்குப் பதில் எழுதவே இல்லை. சுவாதீன நோட்டீஸ் (சொத்தை எடுத்துக்கொண்டோம் என்று வங்கி ஒட்டுவது) ஒட்டிய பிறகும் அப்படியே இருந்தார்கள். அவர்கள் எங்களிடம் வந்தபோது வழக்குப் போடும் நாளும் தாண்டிவிட்டது. நன்றாக வாழ்ந்த குடும்பம். அந்தம்மா அலுவலக வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஆகவே முதலில் வங்கிக்குப் பதில், அதன் நகலோடு எம்.எல்.ஏ. இந்த வரிசையை மாற்றாதே.

செல்வி, ஜூன் 7

அண்ணே, ரொம்ப நன்றி. இப்படி யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மிளகாய் வத்தல் என்று வந்த இடத்தில் "ஆமா, பங்குனிதான் சரி" என்றார்.

இரண்டு சந்தேகம். எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு நாங்கள் ஓட்டுப் போடவில்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். போனால் மதிப்பார்களா? இன்னொன்று, அந்த 2 ஏக்கர் புஞ்சை. அதில் வருடா வருடம் மிளகாய் போடுகிறோம். அதையும் ஏலம் விட முடியுமா?

மனு எழுதுபவர், ஜூன் 8

ஓட்டு விஷயத்தில் கூச்சமே வேண்டாம். ஜெயித்த பிறகு தொகுதியில் இருக்கும் எல்லாருக்கும் அவர்தான் எம்.எல்.ஏ. எங்கள் ஆள், மனு கொடுக்க வந்தவரிடம் எந்தக் கட்சி என்று கேட்ட உதவியாளரை எல்லார் முன்னாலும் எழுப்பி வெளியே அனுப்பினார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில் முகம் சுளித்தால் எம்.பி.யிடம் போங்கள். வங்கி விஷயத்தில் எம்.பி. கடிதத்துக்குத்தான் கனம் கூடுதல், ஏனென்றால் அவர் டெல்லியில் நிதி அமைச்சகத்தைக் கேள்வி கேட்கக்கூடியவர். முடிந்தால் இரண்டு பேரிடமும் வாங்குங்கள். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அப்பாவே வரட்டும். கடனாளி நேரில் வந்து நின்று 'கட்டுகிறேன்' என்று சொல்வதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. புஞ்சை பற்றி வக்கீல் யாராவது சொன்னால் நல்லது.

மதுரை வக்கீல், ஜூன் 8

புஞ்சையைப் பற்றி: சர்ஃபாசி சட்டத்தின் 31-வது பிரிவு, விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு அந்தச் சட்டமே செல்லாது என்கிறது. பத்திரத்தில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்கிறது என்று காட்ட வேண்டும். கடந்த சில பசலிகளுக்கு (வருவாய்த் துறைக் கணக்கு வருடங்கள்) அடங்கல் எடுங்கள். வீடு இதில் தப்பாது, நிலத்துக்கு மட்டும்தான்.

கெடுவைப் பற்றி: நோட்டீஸ் கிடைத்தது மே 22 என்றால் 60 நாள் ஜூலை 21-ல் முடிகிறது. அதற்குள் வங்கிக்கு ஆட்சேபணை எழுதுங்கள். எழுதினால் 15 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் தர வேண்டும், 13-வது பிரிவில் இருக்கிறது. 60 நாள் முடிந்து சுவாதீன நோட்டீஸ் ஒட்டினால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். முன்சீப் கோர்ட்டில் போட்டுப் பயனில்லை, சட்டம் தடுக்கிறது. போன வருடம் கொண்டுவந்த திருத்தப்படி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுத் தொகையைக் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை. முன்பு ஏலத் தேதிவரை இருந்தது, இப்போது இல்லை. ஏலம் வரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

கலெக்டரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டை நேரடியாக எடுக்க வங்கி 14-வது பிரிவில் கலெக்டரிடம் மனுப் போடும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் உங்கள் கஷ்டத்தைக் கேட்டு மறுக்கும் அதிகாரம் கலெக்டருக்கு இல்லை. ஆகவே கலெக்டர், எம்.எல்.ஏ. என்று பேசுவதெல்லாம் அதற்கு முன்னால் நடக்க வேண்டும். வக்கீல் செலவுக்கு யோசித்தால் ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். வருமானம் குறைவு என்றால் கிடைக்கும்.

செல்வி, ஜூன் 13

நடந்ததை எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் வங்கிக்குப் போய் ஆட்சேபணைக் கடிதம் கொடுத்தோம். புஞ்சையைப் பற்றியும் எழுதினோம். முதலில் வாங்கிக்கொண்டு சும்மா போகச் சொன்னார்கள். நகலில் சீலும் தேதியும் போட்டுத் தரும்வரை அப்பா கவுண்டரை விட்டு நகரவில்லை. நிலுவைத் தொகையையும் எழுதி வாங்கிவிட்டோம். முழுத் தொகையைப் பார்த்துப் பயந்ததற்கு, நிலுவை என்று பார்த்தால் எட்டிப் பிடிக்க முடிகிற தொகைதான்.

ஞாயிற்றுக்கிழமை எம்.எல்.ஏ.வைப் பார்த்தோம். கூட்டம் தெருவரைக்கும் நின்றது, பாதிப் பேர் குடிதண்ணீர் லாரி வரவில்லை என்று வந்தவர்கள். நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்களே, கூலி வரவில்லை என்று சில பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கட்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் உதவியாளர் முதலில் அந்த இரண்டு வரிக் கடிதத்தைத்தான் எடுத்தார். இங்கே மனு எழுதும் அண்ணன் சொன்னபடி எழுதி வைத்திருந்த வரைவைக் கொடுத்தேன். எம்.எல்.ஏ. வாங்கி முழுவதும் படித்துவிட்டு, "இதையே அடிச்சுக் கொடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வங்கி ஆய்வுக் கூட்டம் பற்றிக் கேட்டேன். அழைப்பு வரும், போனதில்லை என்றார். இந்த முறை போக வேண்டும், எங்கள் ஊரிலேயே இன்னும் சில வீடுகளுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். அவர்கள் எல்லாரையும் கணக்கு எண்ணோடு எழுதிக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நேற்று சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன்.

மனு எழுதுபவர், ஜூன் 13

சந்தோஷம், தங்கச்சி. அந்தத் தாளில் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் கிடைத்த தேதியைத் தனிக் கட்டத்தில் போடு, கெடு ஆளுக்கு ஆள் மாறும். கூட்டம் என்றைக்கு என்று முன்னோடி வங்கி அலுவலகத்தில் கேட்டு, அதை எம்.எல்.ஏ. உதவியாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வா, சட்டசபை நடக்கும்போது மறந்துபோகும். உங்கள் கடிதத்துக்கு வங்கி ஜூன் 24-க்குள் பதில் தர வேண்டும். வந்ததும் பேர், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு இங்கே போடு, வக்கீல் ஐயாவும் பார்க்கட்டும்.